மூர்த்திக்குப்பத்திலிருந்து நல்லவாடு வரை

விஷக் காய்ச்சலில் நாற்பது நாள் படுத்துக் கிடந்தவள் கஸ்தூரி. கொஞ்ச நாள் நாட்டுப்புறக் காற்றுப் படட்டும் என்று டாக்டர் சொன்னார். மணவாளன் மனைவியைப் பாகூரில் தன் அக்கா தையலம்மாள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனான். அது 1934ஆம் வருஷத்து மாசி மாதம். கஸ்தூரி புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. வருகிற திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

திரும்ப விடுவார்களா என்பதுதான் சந்தேகம். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் தையலம்மாள். அவள் பேச்சை மணவாளன் தட்டியதில்லை. வேலையை விட்டுவிடுவதா, வேண்டாமா என்பதை அக்காவைக் கேட்டுச் செய்வோம் என்று அவன் கடிதம் எழுதியிருந்தான். தையலம்மாளோ எப்போதோ முடிவுகட்டிவிட்டாள். கஸ்தூரி குடத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வாள். கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே வருவாள்.

"உன் ஒடம்புல இன்னாடி கீது? எலும்புதான் கீது. இனிமே வூட்டோட இரு" என்றாள் வியாழக்கிழமை சோறு போடும்போது.

கஸ்தூரி சோற்றைப் பிசைந்தபடியே பதில் சொன்னாள். "நாளைக்கு மூர்த்திக்குப்பத்துல ஆரம்பிச்சு, கடற்கரையோட நல்லவாடு வரைக்கும் நடக்கறேன் அண்ணி. நடந்துட்டா திங்கக்கிழமை வேலைக்குப் போறேன். முடியலன்னா வேலைய வுட்டுடறேன்னு நானே உங்க தம்பிக்கு எழுதிடறேன்."

"நாலு மைலு இருக்கும்டி."

"இருக்கட்டும்."

தையலம்மாள் சிரித்தாள். "சரி, நானும் வரேன். நடுவுல நீ வுழுந்தா தூக்கினு வர ஆள் வேணுமில்ல."

மறுநாள் விடிந்ததும் தையலம்மாளின் புருஷன் அரங்கநாதன் வண்டி பூட்டினார். முதலில் கடைத்தெரு. அமீர் ஹம்சாவின் ஜவுளிக்கடையில் கஸ்தூரி ஒரு கறுப்புக் குடையும் இரண்டு பருத்தித் துண்டும் எடுத்தாள். பக்கத்துக் கடையில் பொரிகடலையும் வெல்லமும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தையலம்மாள் கண்ணாடி வளையலை மாட்டிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றாள். நேரத்தைக் கடத்தினால் வெயில் ஏறிவிடும், வெயில் ஏறினால் இவள் மனசு மாறிவிடும் என்பது அவள் கணக்கு.

"இவ்ளோ பெரிய கொடை எதுக்கும்மா?" என்று கேட்டார் அமீர் ஹம்சா.

"நல்லவாட்டுக்கு நடக்கப் போறேன் பாய்."

அவர் கஸ்தூரியின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தார். குடையை நாலு தரம் விரித்து மடக்கி, கம்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தார்.

மூர்த்திக்குப்பத்தில் இருவரையும் இறக்கிவிட்டு, நல்லவாட்டில் காத்திருப்பதாகச் சொல்லி அரங்கநாதன் ரோட்டு வழியே வண்டியை ஓட்டிப் போனார். படகுகள் எல்லாம் கடலில் இருந்தன. கரையில் ஈ காக்கைகூட இல்லை. முதல் மைலில் கஸ்தூரிக்கு மூச்சு வாங்கியது. அலை நனைத்த மணல் கெட்டியாக இருப்பதைக் கண்டு அதன் மேலேயே நடந்தாள். தையலம்மாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கரும்புக் கட்டு சுமந்து பழகிய நடையில் முன்னால் போய்ப் போய் நின்றாள்.

"திரும்பிடலாமா?"

"வேணாம் அண்ணி."

பாதி வழியைத் தாண்டியிருப்பார்கள். வலை உதறிப்போட்ட குப்பையில் தையலம்மாள் கால் வைத்தாள். அடுத்த நொடி அம்மா என்று அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்காலில் கெளுத்தி மீனின் முள் ஆழமாக இறங்கியிருந்தது. கஸ்தூரி பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடுங்கினாள். ரத்தத்தைப் பிதுக்கிவிட்டு, துண்டைக் கிழித்துக் கட்டினாள். கடுப்பு முழங்கால் வரை ஏறியது. தையலம்மாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கப் பார்த்தாள். இருபது அடி போவதற்குள் இருவருமே மணலில் விழுந்தார்கள்.

"என்னால ஆவாதுடி" என்று தையலம்மாள் அழுதாள். பிரசவத்தில்கூட அவள் அழுததில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

கஸ்தூரி அவளைக் கைத்தாங்கலாக ஒரு தாழம்புதரின் நிழலுக்கு நகர்த்தினாள். குடையை விரித்து மணலில் ஊன்றினாள். வெல்லத்தை அவள் கையில் வைத்தாள்.

"நான் போய் ஆள் கூட்டினு வரேன். இங்கயே இருங்க."

"நீயா? வழியில நீ வுழுந்துட்டா?"

"வுழ மாட்டேன்."

அதைச் சொன்னபோது அவளுக்கே நம்பிக்கை இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தூரத்தில் தெரிந்த தென்னைகளைப் பார்க்காமல் அடுத்த பத்தடியை மட்டும் பார்த்து நடந்தாள். கண் இருட்டியபோது நின்றபடியே தலையில் கடல் தண்ணீரை அள்ளித் தெளித்துக்கொண்டாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பதினான்காம் வாய்ப்பாட்டில் தடுக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நல்லவாட்டில் வண்டியின் நிழலில் அரங்கநாதன் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பி விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாள். இரண்டு மீனவர்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஓடினார்கள். கஸ்தூரி பக்கத்துக் குடிசையில் அமுதம் என்ற மீனவப் பெண்ணிடம் கேட்டாள்.

"கெளுத்தி முள்ளுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சுடுதண்ணியில கால வெச்சா கடுப்பு எறங்கிடும்மா."

"அப்ப இப்பவே அடுப்ப மூட்டும்மா."

தண்ணீர் கொதித்துப் பொறுக்கிற சூட்டுக்கு ஆறும்வரை அங்கேயே நின்றாள். கட்டில் வந்து சேர்ந்து, தையலம்மாள் காலை அண்டாவில் வைத்து, அவள் முகம் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் கஸ்தூரி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். அமுதம் அவள் வாயில் நீராகாரத்தை ஊற்றினாள்.

வண்டி பாகூர் ஏரிக்கரையில் ஏறியது. "காயிதம் வெச்சிருக்கியா?" என்று தையலம்மாள் கேட்டாள்.

"வீட்டுல இருக்கு."

"எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்றேன், நீ எழுது. அவ வேலைக்குப் போவட்டும், நீ குறுக்க நிக்காதன்னு எழுது. அக்கா சொன்னான்னு எழுது."

"முள்ளு குத்தினதையும் எழுதவா?"

"அது எதுக்கு? பயந்துடுவான்."

இரண்டு நாள் கஸ்தூரியால் காலை மடக்க முடியவில்லை. தையலம்மாளும் நொண்டிக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் காலோடே அடுப்பில் எண்ணெயைக் காய்ச்சி நாத்தனார் முறை பார்க்காமல் கஸ்தூரியின் கெண்டைக்காலில் தேய்த்துவிட்டாள். திங்கட்கிழமை விடியற்காலையில் கஸ்தூரி புதுச்சேரிக்கு வண்டி ஏறினாள். அவள் தன் பையைத் தானே தூக்கி வைத்தாள். தையலம்மாள் தடுக்கவில்லை.