சுவரில் கருப்பன்

என் அப்பா கருப்பன் எங்கள் ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரி பாக்கி எழுபத்து நான்கு ரூபாய் இருபது காசு. எனக்கு அது தெரியவந்தது 1996இல், ஊராட்சி அலுவலகச் சுவரைப் பார்த்து. அப்பா இறந்து அப்போது ஏழு வருடம்.

அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. அதிலிருந்து கண்ணில் படுவதையெல்லாம் படிக்கும் வியாதி பிடித்துக்கொண்டது. பஸ் போர்டு, பீடிக் கட்டு, திருவண்ணாமலை மண்டியில் நான் முதுகில் ஏற்றும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைமேல் போட்டிருக்கும் முத்திரை, எதையும் விடுவதில்லை. அப்படித்தான் ஒரு சாயங்காலம் சைக்கிளை நிறுத்தி, அலுவலகச் சுவரில் காவியால் எழுதியிருந்த பட்டியலைப் படித்தேன். ‘வரி பாக்கி உள்ளவர்கள்.’ ஒன்பதாவது வரி: ‘கருப்பன், த/பெ ராமன்.’

வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ அந்த வரியை இன்னொருதரம் படித்தேன். அப்பாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. ரேசன் கார்டில் மண்ணாங்கட்டி என்ற என் பெயருக்கு முன்னால் ‘க’ என்று ஒற்றை எழுத்தாக நிற்கிறார், அவ்வளவுதான். முழுப் பெயராக அவர் நின்றது அந்தச் சுவரில்தான்.

பணம் கட்டினால் பெயரைச் சுண்ணாம்படித்து அழித்துவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். இரண்டு மாதக் கூலியில் மிச்சம் பிடித்து எழுபத்தைந்து ரூபாய் சேர்த்தேன். சேர்த்தும் கட்டவில்லை. இடுப்புப் பையிலேயே வைத்துக்கொண்டு, தினமும் வேலை முடிந்ததும் சுவரை ஒருதரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

“ஆபீசாண்ட உனக்கு இன்னாய்யா வேல?” என்று கேட்டாள் என் மனைவி வள்ளி. “பிரசிடெண்டுக்கு நிக்கப் போறியா?”

கடைசியில் தேர்தலுக்கு நின்றது அவள்தான். பல வருடமாக நடக்காமலிருந்த உள்ளாட்சித் தேர்தல் அந்த வருடமே வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்றானது. குடத்தோடு அரை மைல் நடந்து அலுத்துப்போயிருந்த தெருப் பெண்கள் வள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ நில்லு வள்ளி. உன் வாய்க்குப் பயந்தாவது கொழா போடுவாங்க.”

மனு கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், ஊராட்சி கிளார்க் ஜினராஜ் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: “உங்க வூட்டு மேல வரி பாக்கி இருக்குதும்மா. யாராவது ஒருத்தர் எழுந்து சொன்னா மனு நிக்காது. கட்டி ரசீது வாங்கிடுங்க.”

வீட்டுக்கு வந்தவள் என் இடுப்பைத்தான் பார்த்தாள். “அந்தப் பையில பணம் வெச்சிருக்கறது எனக்குத் தெரியும். குடிக்கறவனா இருந்தா கூட வெளங்கும். இன்னாத்துக்குய்யா அடைகாக்கற?”

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பானையை மூடிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மாமா எந்த வருசம் செத்தாரு?”

“எம்பத்தொம்போது.”

“வருசத்துக்கு வரி எவ்ளோ?”

“பத்து ரூவா அறுவது காசு.”

“ஏழு வருசத்துக்குப் போடு.”

விரலில் எண்ணிப் பார்த்தேன். எழுபத்து நான்கு இருபது. அப்பா உயிரோடு இருந்தவரை ஒரு காசு நிற்கவில்லை. செத்த பிறகு ஏறியது மொத்தமும்.

“கடன் உன்னுது. பேரு அவருது. ஊரு பூரா பாக்கற மாதிரி அவர நிக்க வெச்சிட்டு, நீ தெனம் போய் அழகு பாத்துட்டு வர.”

திட்டுவது போலத்தான் சொன்னாள். கை மட்டும் என் முதுகில், மூட்டை உரசிக் காய்ப்பேறிய இடத்தில் இருந்தது.

மறுநாள் காலை இருவரும் போனோம். ஜினராஜ் பணத்தை எண்ணி, எண்பது காசு சில்லறை கொடுத்தார். ரசீதுப் புத்தகத்தைத் திறந்தவர் கேட்டார், “வூடு இன்னும் அப்பா பேர்லதான் இருக்குது மண்ணாங்கட்டி. உன் பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கறியா?”

“அப்பறம் பாத்துக்கலாம் சார். இந்த ரசீது அவரு பேர்லயே இருக்கட்டும்.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கோணலில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக நிதானமாக எழுதினார்.

வெளியே சுண்ணாம்பு வாளி இருந்தது. அடிக்க வந்த ஆளிடமிருந்து சுண்ணாம்பு மட்டையை நானே வாங்கிக்கொண்டேன். ஒன்பதாவது வரிமேல் ஒருதரம் இழுத்தேன். ஈரச் சுண்ணாம்புக்குள் பெயர் அப்படியே தெரிந்தது. காயக் காயத்தான் வெளுக்கும்.

வள்ளி மனுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள்.

“நேரமாவுது வள்ளி.”

“மூணு மணி வரைக்கும் வாங்குவாங்க. காயட்டும், உக்காரு.”

உட்கார்ந்தேன். ‘ராமன்’ முதலில் மங்கியது. ‘கருப்பன்’ கொஞ்ச நேரம் நின்றார். அந்த வரி முழுக்க வெள்ளையானதும் அவள் ரசீதை என்னிடம் நீட்டினாள்.

“படி. கேக்கறேன்.”

“கருப்பன், தகப்பன் பெயர் ராமன். வரவு எழுபத்து நான்கு ரூபாய் இருபது காசு. பாக்கி...”

“பாக்கி?”

“இல்லை.”