தொண்டை பாடிய பிரிவுப் பாட்டுகள்

எங்கள் இசைக்குழுவில் நாங்கள் நாலு பேர். பாடுகிறவனுக்குத் தொண்டை என்று பெயர், வைத்தது நான்தான். கிட்டார் என் மச்சான். கீபோர்டு அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி. டிரம்ஸ் நான். ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு அடியில், தரைக்குக் கீழே இருந்த அறையில் ஒத்திகை. நான் பெரிய டிரம்மை மிதித்தால் மேலே ஊசி போடாமலே பல் கழன்று வந்துவிடும். டாக்டரே இறங்கி வந்து, "கடைவாய்ப் பல்லு ஒண்ணு முரண்டு பிடிக்குது, கொஞ்சம் ஓங்கி மிதிங்க" என்று கேட்டுக்கொண்டதுண்டு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தொண்டை பிரிவுப் பாட்டுகளாகப் பாட ஆரம்பித்தான். நாலு மாதத்தில் பத்து. கட்டைப் பிரம்மச்சாரி. பிரிவதற்கு அவனிடம் ஒரு பூனைகூடக் கிடையாது.

"யாருடா அவ?" என்றேன்.

"சும்மா கற்பனைண்ணே" என்று சொல்லிவிட்டு என் மனைவியைப் பார்த்தான். அவள் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

பாட்டுக்குள் வார்த்தைகள் இருக்கின்றன என்பதையே அன்றுதான் கவனித்தேன். 'சேர்ந்துதானே புறப்பட்டோம், நீ ஏன் முன்னால் போனாய்' என்று ஒன்று. கடைத்தெருவில் எப்போதும் முன்னால் போகிறவள் யார்? என் மனைவி. 'உன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை' என்று இன்னொன்று. வீட்டில் யார் சத்தம்? அதுவும் அவள்தான். 'போ என்று சொல்ல நாக்கு எழவில்லை, நீயாகப் புரிந்துகொள்ளக் கூடாதா' என்ற இடத்தில் தொண்டைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அன்று நான் சிம்பல் தட்டில் போட்ட போட்டில் மேலே மூன்று பேருக்குப் பல் போயிற்று. அதில் ஒருவர் துணைக்கு வந்தவர்.

மச்சானை ஓரங்கட்டினேன். "உங்க அக்காவுக்கும் தொண்டைக்கும் நடுவுல என்னடா இருக்கு?"

"ஒரு மைக்கும் ரெண்டு ஸ்பீக்கரும் அத்தான்."

இவனும் கூட்டு என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஒத்திகையில் கீபோர்டு உறைக்குள் ஒரு தாள் அகப்பட்டது. ஒரு பக்கம் வெங்காயம், சோப்பு, பல்பு. மறுபக்கம் பதினோராவது பாட்டு. இரண்டும் என் மனைவியின் கையெழுத்து. முப்பது வருஷக் கல்யாணம். தாளோடு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நீதான் எழுதினியா?"

"நான்தான்."

"பத்தும்?"

"இதோட பதினொண்ணு. தொண்டை மெட்டுதான் போட்டான்."

"எல்லாம் அவனை நினைச்சா?"

"உங்களை நினைச்சு."

தொண்டை கையைப் பிசைந்தான். "நேர்ல சொல்ல யாருக்கும் தைரியம் வரலண்ணே. வேற டிரம்ஸ் பாத்துக்கலாம்னு... பாட்டாப் பாடினா உங்களுக்கே புரிஞ்சிடும்னு அண்ணிதான் சொன்னாங்க."

"நாங்க கடைசி சரணத்துல இருப்போம் அத்தான். நீங்க முடிச்சிட்டு வேர்வையைத் துடைச்சிட்டு இருப்பீங்க" என்றான் மச்சான்.

"நீங்களோ ஒவ்வொரு பாட்டுக்கும் தலையை ஆட்டி ஆட்டி அடிச்சீங்க" என்றாள் மனைவி. "ஒண்ணுல முடிய வேண்டியது பதினொண்ணு ஆயிடுச்சு."

"அப்போ நீ என்னை விட்டுட்டுப் போகலையா?"

"எங்க போறது? போற வழியில வெங்காயம் வாங்கணும்."

எனக்கு உயிர் வந்தது. போகிறது டிரம்ஸ்தானே, போகட்டும். குச்சிகளை நானே பையில் வைத்துக் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

"எனக்குப் பதிலா யாரு?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்டை ஒரு பையிலிருந்து டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டியை எடுத்துப் பொத்தானை அமுக்கினான். டக், டக் என்று தாளம் போட்டது. முந்தவில்லை, பிந்தவில்லை.

"எதிர்த்துப் பேசவும் பேசாது" என்றாள் என் மனைவி. அப்படியொரு குழைவான குரலை நான் கல்யாணத்தன்றுகூடக் கேட்டதில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அந்தப் பெட்டி காரின் பின் சீட்டில் வந்தது. அவள் குனிந்து அதற்கு பெல்ட் மாட்டிவிட்டாள். எனக்கு ஒரு நாளும் மாட்டிவிட்டதில்லை. கண்ணாடியில் அதன்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே ஓட்டினேன். வீடு வரைக்கும் அது வாயைத் திறக்கவில்லை.