கோல் வாங்காத சத்தியமூர்த்தி

சத்தியமூர்த்தியைக் கல்லூரிக் கால்பந்து அணியில் கோல் கீப்பராகப் போட்டதற்கு ஒரே காரணம், அவனுடைய உயரம். கோட்டையூரிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் அவன் தலை கூரையில் இடிக்கும். மற்றபடி அவனுக்கும் பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷத்து லீக்கில் முதல் எதிரணி பஸ் ஸ்டிரைக்கால் வரவில்லை. அடுத்த அணியின் விடுதியில் அம்மை போட்டிருந்தது. மூன்றாவது அணி ஊர் வரைக்கும் வந்தது. ஜெயிக்க வேண்டுமென்று குன்றக்குடி முருகனைக் கும்பிடப் போய், கூட்டத்தில் மாட்டி, பொழுது சாய்ந்துதான் கீழே இறங்கியது. மூன்றும் வாக்ஓவர். ஒரு பந்தும் உதைக்காமல் காரைக்குடிக் கல்லூரி இறுதிப்போட்டிக்குப் போய்விட்டது.

பி.டி. மாஸ்டர் ஜோசப் ராஜ் பத்திரிகைக்காரரிடம், "இந்த சீசன்ல எங்க கீப்பர் ஒரு கோல்கூட வாங்கலை" என்றார். அதில் பொய் இல்லை. மறுநாள் சத்தியமூர்த்தியின் படம் வந்தது. டீக்கடையில் பெரியவர்கள் ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். அம்மா பொன்னுத்தாயி மிளகாய் சுற்றிப் போட்டாள்.

அவனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. "சார், என்னப் பாத்து இன்னும் ஒருத்தனும் பந்தை அடிக்கவே இல்லையே" என்றான்.

"பயந்துட்டானுகடா. போயி நில்லு" என்றார் ஜோசப் ராஜ். அதற்குள் அவரே செய்தியை நம்பத் தொடங்கியிருந்தார்.

இறுதிப்போட்டிக்கு மதுரை அணியும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தது. அவனை ஏமாற்ற வேண்டுமென்று மூலை பார்த்து மூலை பார்த்து அடித்தார்கள். எல்லாம் வெளியே போயின. சத்தியமூர்த்தி பயத்தில் கால் நகராமல் நின்றான். "என்னா நிதானம், பாத்தீகளா" என்றது கூட்டம்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு பெனால்டி. மதுரைக் கேப்டன் பந்தை வைத்துவிட்டுக் கிட்டே வந்தான். "நான் எங்கிட்டு அடிப்பேன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"சத்தியமாத் தெரியாது."

எந்த மூலையையும் நம்ப முடியாமல் கேப்டன் திரும்பிப் போனான். பிறகு நேராக நடுவில் அடித்தான். சத்தியமூர்த்தி பயத்தில் குனிந்துகொள்ள, பந்து அவன் முதுகுக்கு மேலே வலைக்குள் போனது.

சத்தியமூர்த்திக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போலிருந்தது. ஓடிப்போய்க் கேப்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அதன்பிறகு இன்னும் ஐந்து கோல் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவன் பாய்ந்தான், புரண்டான், முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. அப்படிப் பாய முடியும் என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முடியப்போகும் நேரத்தில் வந்த ஒரு பந்து, எப்படியோ, கைக்குள் வந்து நின்றது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். நடுவரும் விசில் ஊதினார்.

"நாலு மேட்சுக்கு ஆறு கோல். சராசரி ஒண்ணரை. ஒண்ணும் மோசமில்ல" என்று ஜோசப் ராஜ் பத்திரிகைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவர் கோல் கம்பத்துக்குப் போனார். "தம்பி, மேட்ச் முடிஞ்சிருச்சு. பந்தைக் குடுங்க."

"இப்பத்தான சார் கைக்கு வந்திருக்கு" என்றான் சத்தியமூர்த்தி, படுத்தபடியே.

நடுவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தார்.