நூற்றுப் பன்னிரண்டும் பச்சை

சைரன் அலறியது. முதலியார்பேட்டையின் அந்த மாடி வீட்டுக்குள் தீயணைப்பு வண்டியே புகுந்துவிட்டதுபோல் ஒரு சத்தம். அடுப்பில் தேநீர் வைத்துக்கொண்டிருந்த கனீஸ் பாத்திமா, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து லேப்டாப்பின் வாயை அடைத்தாள்.

அதற்குள் படியில் செருப்புச் சத்தம். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஜெயம், மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள்.

“என்னாம்மா அது? சிலிண்டர் கில்லிண்டர் வெடிக்கப் போவுதோன்னு ஓடியாறேன்.”

“ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ் வேலைதான். டெஸ்ட் ஃபெயிலானா கத்தற மாதிரி நானே வெச்சிருக்கேன்.”

“இத்தினி நாளா கத்தலியே?”

“பாஸாயிட்டே இருந்துச்சு.”

“ஒழுங்கா இருந்தா சத்தமே வராது, தப்பு பண்ணாத்தான் கத்துமா? எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணு மாட்டி வுடேன், புண்ணியமாப் போவும்.” ஜெயம் சிரித்தாள். “நாங்க காலாப்பட்டுல பொண்ணு வூட்டுக்குப் போறோம். ரெண்டு நாளாவும். கேட்ட சாத்திக்கோ.”

அந்த மாதத்தில் அந்தப் படியேறி வந்த முதல் ஆள் ஜெயம்தான். கீழே கேட் சாத்தப்படும்வரை கனீஸ் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட். அறுபத்தொன்று சிவப்பு.

ஆட்டோ பேட்டரிக்கான சிப் அது. சூடு ஏறினால் சார்ஜை நிறுத்த வேண்டும். அதுதான் அதன் தலையாய வேலை. தொழிற்சாலையில் அச்சடிப்பதற்கு முன், கம்ப்யூட்டருக்குள்ளேயே அதை ஓட்டிப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது கனீஸின் உத்தியோகம். சிப் என்பது வெறும் கம்பிகள். அதைச் சோதிக்கிற புரோகிராமோ வெறும் எழுத்து; எழுத்துக்குக் கம்பியைத் தொடக் கை கிடையாது. ஆகவே நடுவில் இன்டர்பேஸ் என்று ஒரு கம்பிக்கட்டை வைத்து, அதன் முகவரியைப் புரோகிராமிடம் கொடுப்பார்கள். ‘இந்தக் கட்டில் போய்ப் பேசு, இந்தக் கட்டில் காது வை’ என்று அர்த்தம். முகவரியைக் கொடுத்தவள் கனீஸ்.

ஆரம்பத்தில் சிப் தயாராக இருக்கவில்லை. அதுவரை ஒப்புக்கு ஒரு பொம்மை சிப்பை அவளே எழுதினாள். எதைக் கேட்டாலும் சரியான பதிலைச் சொல்லும் பொம்மை. நிஜச் சிப் வந்ததும் அதற்கென்று இன்னொரு கம்பிக்கட்டு போட்டாள். முகவரியை மாற்ற மறந்துபோனாள். நாற்பத்துமூன்று நாளாகப் புரோகிராம் பொம்மையைத்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. நிஜச் சிப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

தெரிந்ததும் தற்செயலாகத்தான். இன்று காலை வேறொரு வேலைக்காகச் சிப்பை இணைக்கும் வரியை மறைத்துவிட்டு, திரும்பத் திறக்க மறந்து டெஸ்ட்டை ஓட்டிவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டும் பச்சை. சிப்பே இல்லாமல் சிப் பாஸ். வரியைத் திறந்து, முகவரியில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தி மறுபடி ஓட்டினாள். அந்தச் சொல்தான் அலறியது.

மணி பதினொன்று இருபது. மாலை நாலு மணிக்கு சிப்பின் வரைபடம் தொழிற்சாலைக்குப் போகிறது. போனால் திரும்பாது.

அந்த ஒரு சொல்லைப் பழையபடி மாற்றினால் போதும். எல்லாம் பச்சையாகிவிடும். நாலைந்து மாதம் கழித்துச் சிப் சொதப்பும்போது பழி அந்தச் சிப்பில் கை வைத்த நாற்பது பேர் தலையில் சிதறும். இப்போது வாயைத் திறந்தால் ஒருத்தி தலையில் விழும்.

அவளைப் பெற்ற அத்தாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றுதான் பெங்களூரு அலுவலகத்தை விட்டு இங்கே வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். எட்டு மாதத்துக்கு முன் அத்தா மவுத்தாகி அடக்கமானார். அன்று வாட்ஸப் குழுவில் பதினொரு கைகூப்பிய பொம்மைகள் வந்தன. அதன்பிறகு தினமும் காலை ஒன்பதுக்கு அவள் ரிப்போர்ட் போடுவாள். டீம் தலைவர் ஜானகிராமன் ஒரு கட்டைவிரலைப் போடுவார். வாரக் கூட்டத்தில், “கனீஸ், பச்சையா? சரி, அடுத்தது.” அவ்வளவுதான் பேச்சு. பச்சையாக இருப்பவளிடம் கேட்க என்ன இருக்கிறது?

அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. கேஸை மூடினாள். மேடையைத் துடைத்தாள். துணியை அலசிக் காயப்போட்டாள். பிறகு செய்வதற்கு வேறு வேலை இல்லை. போனை எடுத்து ஜானகிராமனை அழைத்தாள்.

“சொல்லுங்க கனீஸ், ரெண்டு நிமிஷம்தான் இருக்கு.”

“சார், சிப்ப அனுப்பாதீங்க. நாம அத டெஸ்ட்டே பண்ணல.”

நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு ஜானகிராமன் ஆரம்பித்தார்.

“தினமும் பச்சை பச்சைன்னு எனக்கு என்னத்த அனுப்பிட்டு இருந்தீங்க? தெரிஞ்சே ஒரு தப்ப வெச்சு, அது மாட்டுதான்னு மொதல்ல பாக்கணும்னு காலேஜ் பசங்களுக்குக்கூடத் தெரியுமே.”

“வெச்சேன் சார். மாட்டுச்சு. அத பொம்மைலதான் வெச்சிருக்கேன்.”

“நல்லா விளையாடினீங்க.”

அவர் விடவில்லை. எந்த வரி, என்றைக்கு எழுதியது, அறுபத்தொன்றில் சூடு சம்பந்தப்பட்டது எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினேழு என்றாள். நடுவில் இன்னொரு போனில் தொழிற்சாலைக்காரர்களைப் பிடித்து அனுப்புவதை நிறுத்தினார். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து திட்டினார். கனீஸ் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள்.

“திங்கக்கெழமைலேர்ந்து கோபிநாத் இத பாத்துப்பான். எல்லாத்தையும் அவன்கிட்ட ஒப்படைச்சிடுங்க. உங்கள என்ன பண்றதுன்னு மேல கேட்டுத்தான் சொல்லணும். புரியுதா?”

“புரியுது சார்.”

“சரி, வைக்கிறேன்.”

கனீஸ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு நிமிடம் ஓடியிருந்தது. அத்தா போனபின் யாரும் அவளிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

“வெச்சிடாதீங்க சார். இன்னும் கொஞ்ச நேரம் திட்டுங்க.”