பார்த்தசாரதியின் ஐந்து கண்டங்கள்

ஐந்து கண்டங்களின் நாகரிகமும் செங்கல்பட்டில் ஒரே கண்ணாடி அலமாரிக்குள் கூடியிருந்தது. ஐஸ் பெட்டிக்கான பிளக் அதன் பின்னால் இருந்ததால், இப்போது நாலு பேர் சேர்ந்து அதை நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாமா, இந்தக் கனம் கனக்குது? உள்ள இன்னா கீது?" என்றார் ஐஸ் பெட்டிக்காரர்.

"வெளிநாட்டுச் சாமான்," என்றாள் பார்வதம். விடிந்ததிலிருந்து அவள் உட்காரவில்லை.

"சைனாவா?"

"அதுவும் இருக்கு."

எகிப்துப் பூனை கவிழ்ந்தது. வியன்னா மணி தானாக ஒருமுறை அடித்தது. பாயில் கிடந்த அவள் கணவர் பார்த்தசாரதி முதல்முறையாக எதுவும் சொல்லவில்லை. உயிரோடு இருந்தால் எந்த ஊர்ச் சந்தையில், எந்தக் குளிரில், எப்படிப் பேரம் பேசி வாங்கினார் என்று ஆரம்பித்திருப்பார். பால்காரர்கூட அந்தக் கதைகளைக் கேட்டிருக்கிறார். முப்பது வருஷமாக அலமாரியைத் துடைத்தவள் பார்வதம் மட்டும்தான்.

அவரைப் பெட்டிக்குள் வைத்த கொஞ்ச நேரத்தில், திருவிடந்தைப் பக்கத்துத் தனியார் கல்லூரியிலிருந்து ஹரிகிருஷ்ணன் மாலையோடு வந்தார். அங்கே உலகப் பண்பாட்டுக் கூடம் திறக்கப்போகிறார்கள். அலமாரியைக் கொடுக்கப் பார்த்தசாரதி போன மாதம் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரே நிபந்தனை, வாசலில் அவர் பெயர். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளிடம் கேட்டதும் அதைத்தான்: "போர்டுல பேரு போட்டுட்டாங்களா?"

ஹரிகிருஷ்ணன் செல்போனை நீட்டினார். 'உலகம் சுற்றிய பார்த்தசாரதி நினைவுக் கூடம்' என்று பொன்னெழுத்தில் இருந்தது.

"வெறும் பேரு போதுமேங்க," என்றாள் பார்வதம்.

"என்னம்மா நீங்க! சார் சுத்துன சுத்துக்கு இதுவே கம்மி." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணுதான். சாரோட பழைய பாஸ்போர்ட் வேணும். முத்திரை தெரியற மாதிரி விரிச்சு, நடுவுல வைக்கப்போறோம். ஆதாரம் இருந்தாத்தான் பேருன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க."

மகன் ஷ்யாம் திரும்பினான். தான் பிறப்பதற்கு முன்பே அப்பாவின் பயணங்கள் எல்லாம் முடிந்துவிட்டன என்று கேட்டு வளர்ந்தவன்.

"எங்கம்மா வெச்சிருக்கார்?"

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்து பார்த்தசாரதியின் முகம் மங்கியிருந்தது. பார்வதம் முந்தானையால் துடைத்தாள். மூலைகளையும் விடாமல் துடைத்தாள்.

"காரியம் முடியட்டும்பா. தேடிப் பாக்கறேன்."

பீரோவில் ஆதார் அட்டையும் பென்ஷன் புத்தகமும் இருந்தன. கல்பாக்கத்தில் அவருடைய வேலை, வெளிநாடு போகும் விஞ்ஞானிகளுக்கு விசா காகிதம் தயாரிப்பது. திரும்பி வந்தவர்கள் ஆளுக்கொரு சாமான் கொடுத்தார்கள்.

பார்த்தசாரதி பாஸ்போர்ட் எடுக்கவே இல்லை.