மேனேஜர் வீட்டு பீர் பேரல்

காலை ஒன்பது மணிக்கே அம்மா வேலையை விட்டுத் திரும்பி வந்தாள். நான் அப்போதுதான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அரியலூர் டவுனில் மோட்டார், பைப் சாமான் விற்கிற கடையில் பில் போடுகிறேன். பெரம்பலூரில் மெக்கானிக்கல் படித்தேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினோம். அதைக் காட்டியதில் ஃபீஸ் குறைந்தது, வேலைதான் கிடைக்கவில்லை.

“மணிமாறன் சார் இனிமே வரவேணாம்னுட்டாருடி. அந்த டிரம்முல பாதியக் காணோமாம். நான் எடுத்துட்டேனாம்.”

“நீ எடுத்து என்ன பண்ணுவியாம்?”

“ஒங்கப்பனுக்கு ஊத்திக் குடுத்தேனாம்.”

அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது.

மணிமாறன் சிமெண்ட் ஆலையில் மெயின்டனன்ஸ் மேனேஜர். கம்பெனி செலவில் மூன்று மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தார். அங்கே கற்றுக்கொண்டது வீட்டில் பீர் காய்ச்சுவது ஒன்றுதான். கம்பெனி குவார்ட்டர்ஸ் வீட்டில் யாரும் புழங்காத பாத்ரூமில் முப்பது லிட்டர் பேரல் வைத்து, பார்சலில் முளைகட்டிய பார்லி மால்ட் வரவழைத்து ஊறவைத்திருந்தார். எங்கள் தெருவில் எவனாவது பானையில் சாராய ஊறல் போட்டால் ஜீப் வரும், கேஸ் வரும். இவர் போட்டால் அதற்குப் பெயர் ஹாபி.

அதோடு விட்டிருந்தால் அம்மா வேறு வீடு பார்த்துக்கொள்வாள். ஆனால் அவருடைய மனைவி குவார்ட்டர்ஸ் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில், ‘காத்தாயியை உள்ளே விடுபவர்கள் பீரோவைப் பூட்டிக்கொள்ளவும்’ என்று போட்டுவிட்டாள். அம்மா வேலை செய்யும் மற்ற மூன்று வீடுகளிலிருந்தும் வரவேண்டாம் என்று போன் வந்துவிட்டது. திருடி என்று ஒருமுறை பெயர் விழுந்தால் அந்த கேட்டுக்குள் அவள் மறுபடி நுழைய முடியாது.

“அந்த பாத்ரூம் எப்படிம்மா இருக்கும்?”

“நாலு நாளா தரையெல்லாம் பிசுபிசுன்னு கெடக்கு. எறும்பு வேற. சார்ட்ட சொன்னேன், ஒழுங்கா தொடைன்னாரு.”

எனக்குப் புரிந்துவிட்டது. கடையில் ஒரு புதுக் குழாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு போனேன்.

கதவைத் திறந்த மணிமாறன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “படிச்ச பொண்ணுன்னு காத்தாயி சொன்னா. நீயாவது உங்க ஆளுங்களுக்குப் புத்தி சொல்லும்மா.”

“சொல்றேன் சார். மொதல்ல பேரலைக் காட்டுங்க.”

பாத்ரூமில் ஸ்டூல் மேல் பேரல். கல்யாண மண்டபத்தில் தண்ணீர் டிரம்முக்குப் போடுகிற அதே பிளாஸ்டிக் குழாய். அது பேரலில் சேருகிற இடத்திலிருந்து ஈரம் பேரலின் வயிற்றோடு வழிந்து, சத்தமில்லாமல் தரை ஓட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே எறும்பு வரிசை. எறும்புக்குத் தெரிந்தது மேனேஜருக்குத் தெரியவில்லை.

பால் கவரை மடித்துக் குழாய்க்கு அடியில் சொருகி, வழிவதை டம்ளரில் பிடித்தேன். கால் மணி நேரத்தில் கால் டம்ளர்.

“மணிக்கு ஒரு டம்ளர் சார். குழாய் எப்ப மாட்டினீங்க?”

“திங்கக்கிழமை.”

“இன்னைக்கு வெள்ளி. கணக்கு நீங்களே போடுங்க.”

போட்டார். நாலு நாளைக்குக் கிட்டத்தட்ட நூறு டம்ளர், பாதிப் பேரல். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“நான் நல்லா டைட் பண்ணினேனேம்மா. டெஃப்லான் டேப் பத்து சுத்து சுத்தினேன்.”

“மரையில டேப்பு சுத்தறது வீட்டு பைப்புக்கு சார். இதுல ஒழுகாம நிறுத்துறது ரப்பர் வாஷர்தான். அது குழாய்க்கும் பேரலுக்கும் நடுவுல, வெளிப்பக்கம் உக்காரணும். எங்க போட்டீங்க?”

“உள்ள.”

“மேல ரெஞ்ச் வேற போட்டு முறுக்கியிருக்கீங்க. உள்ள ரப்பர் பிதுங்கியிருக்கும்.”

“ஏம்மா, பதினெட்டு வருஷமா வால்வு பாக்கறவன் நான்.”

பார்த்திருப்பார். முறுக்கியதெல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். இவர் தள்ளி நின்று கையெழுத்துப் போட்டிருப்பார்.

“இன்னும் அரை சுத்து இறுக்கினா நின்னுரும், பாரு” என்று ரெஞ்சை எடுத்தார்.

“வேணாம் சார்.”

பொட்டென்று குழாய் கழுத்தோடு முறிந்து கையில் வந்தது. பீர் பீய்ச்சி அவர் சட்டையில் அடித்தது. பதறிப்போய் பேரல் ஓட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு முட்டி போட்டார்.

“வேற குழாய் இருக்கா? சீக்கிரம்மா! ஞாயித்துக்கிழமை இதைக் குடிக்க ஆளுங்க வராங்க.”

“பையில இருக்கு. மேடம் குரூப்ல போட்டதுக்குப் பதில் போடட்டும், தரேன்.”

பாத்ரூம் வாசலில் நின்ற மேடம், “ஏதோ மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு போட்டுடறேன்” என்றாள்.

“அப்படி இல்லைங்க. நான் சொல்றதை எழுதுங்க. ‘காத்தாயி எதையும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாய் ஒழுகியதைக் கவனிக்காமல் அவர் மேல் திருட்டுப் பழி போட்டோம்.’”

“என்ன குழாய்னு கேப்பாங்களேம்மா” என்றார் மணிமாறன். “கம்பெனி குவார்ட்டர்ஸ். தெரிஞ்சா வேலை போயிரும்.”

“எங்கம்மாவுக்கு நாலு வூட்டு வேலை போயிருச்சு சார்.”

விரலிடுக்கில் பீர் வழிந்தது. மேடம் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். எழுதி அனுப்பிவிட்டு போனை என்னிடம் நீட்டினாள்.

“என்ன போட்டுருக்கு, படி” என்றாள் அம்மா.

படித்தேன்.

“இன்னொருக்கா படி.”

படித்தேன். அதற்குள் மூன்றாவது பிளாக்கிலிருந்து, காத்தாயியை நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அம்மா சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டாள். “சார், மத்த வூட்டுக்கெல்லாம் வருவேன். இந்த வூட்டுக்கு வரமாட்டேன்.”

“சரி, சரி. அந்தக் குழாயைக் குடும்மா.”

புதுக் குழாயை வாஷரோடு அவருடைய இன்னொரு கையில் வைத்தேன். ஒற்றைக் கையால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை எப்படி மாட்டறது?”

“நட்டு உள்பக்கம் மாட்டணும் சார். பேரல் காலியானாத்தான் முடியும்” என்றேன். “கையை எடுத்துருங்க.”