பத்து நிமிடச் சூடு

மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கல்குவாரிக் குழிக்குள் இறங்கியவனுக்குத்தான் குளிர் என்றால் என்னவென்று தெரியும். கடப்பாரையைத் தொட்டால் கை சுரீரென்று விலகிக்கொள்ளும். முந்தின நாள் வெடி வைத்துத் தள்ளிய பாறைகள்மேல் பனி ஈரம் மின்னிக்கொண்டிருக்கும். மேல்தட்டில் குப்புராஜ் அந்நேரத்துக்கே டிரில்லைப் பிடித்திருப்பான். பாறையோடு சேர்ந்து அவன் நெஞ்சும் அதிரும், கல்மாவு தலையிலும் புருவத்திலும் படியும். கீழே நான்கு பெண்கள் சம்மட்டியும் கூடையுமாக நிற்பார்கள். டிப்பரில் ஏறாத பெருங்கற்களை உடைப்பதும், டயரைக் கிழிக்கும் சில்லுகளைப் பொறுக்கி வழி செய்வதும் அவர்கள் வேலை. குப்புராஜின் மனைவி யுவராணியும் தங்கை கோகிலவாணியும் அந்த நால்வரில் இருந்தார்கள்.

அனுமதிக் காகிதத்தில் காலை ஏழு மணிக்கு மேல்தான் வேலை என்று எழுதியிருக்கிறது. எங்கள் முதலாளி ராஜப்பனின் கடிகாரத்தில் ஐந்துக்கே ஏழு அடித்துவிடும். மாரண்டஹள்ளிச் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தட்டிக் கேட்க யாரும் இல்லை.

நான் மாதவராஜ். அந்தக் குவாரியில் இருந்த இரண்டு பொக்லைன் மெஷின்களில் ஒன்றை நான் ஓட்டினேன். மற்றதை நூர் பாஷா ஓட்டினார். தருமபுரிக்காரர், பதினெட்டு வருட அனுபவம். பாய் என்று கூப்பிடுவோம். அவர் சாவியைத் திருப்பியதும் லீவரைத் தொடமாட்டார். பத்து நிமிடம் எஞ்சின் சும்மா ஓட வேண்டும். குளிரில் இறுகிக் கிடக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் சூடானால்தான் மெஷின் சொன்னபடி கேட்கும். அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சக்கரத்துக்குப் பதிலாக மெஷினைச் சுமக்கும் செயினில் கல் சிக்கியிருக்கிறதா, குழாயில் கசிவு உண்டா, நிற்கிற தரை தாங்குமா, பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார்.

பின்னால் ஆள் இல்லாத நாளே கிடையாது. குழிக்குள் சூடு கிடைக்கிற ஒரே இடம் எஞ்சின் பக்கம்தான். ரேடியேட்டர் வலை வழியாக வெந்த காற்று வரும். நான்கு பெண்களும் வெடித்த விரல்களை அந்தக் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"அம்மணிங்களா, அடுப்ப அணைக்கற நேரமாச்சு. நவுருங்க" என்பார் பாய்.

"இன்னும் ஒரு நிமிசம் பாய். கை பாதிதான் வெந்திருக்குது" என்பாள் யுவராணி. எப்போதும் கடைசியாக நகர்வது அவள்தான். நால்வரும் கண்ணுக்கு எதிரே வந்து நின்ற பிறகுதான் அவர் கேபினில் ஏறுவார். இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டு லீவரைத் தொடுவார்.

மூன்று மாதமாக அந்த ஹார்ன் இல்லை. எஞ்சின் சத்தமும் டிரில் சத்தமும் குழிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன, ஹார்னும் பின்னால் நகரும்போது கத்தும் அலாரமும் ஊர் வரை கேட்கிறது, விடிவதற்குமுன் வேலை நடப்பது வெளியே தெரிகிறது என்று முதலாளி ஒரு நாள் ஒயரை வெட்டச் சொன்னார். கொஞ்சம் கரண்ட் வேலை தெரிந்தவன் நான். இரண்டு மெஷினிலும் ஒயரை வெட்டியவன் நான்தான். வேலை போய்விடும் என்று பயந்து வெட்டினேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அன்று பாய் எஞ்சினைப் போட்டு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ராஜப்பன் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்தார். கூட இரண்டு ஆட்கள். மூன்று டிப்பர்கள் வரிசையில் நின்றிருந்தன.

"என்னாடா, இன்னும் தொடல?"

"எண்ணெ சூடாவலீங்க மொதலாளி. ஒரு சுத்து பாத்துட்டு ஏறிடறன்."

"சுத்தறதுக்கு இது என்னா கோயிலா? உனக்குத்தான் அந்தப் பழக்கமும் கெடையாதே. ஏர்றா!"

"பின்னால பொம்பளைங்க இருப்பாங்க."

"மெஷின் அசஞ்சா ஓடுவாங்க, காலு இல்லியா? டீசல் என்னா உங்கப்பன் வூட்டுலருந்தா வருது? இப்ப ஏறலன்னா அப்படியே பஸ் ஏறிடு. உன்னாட்டம் பத்து பேரு வெளிய நிக்கறான்."

பாய் என்னைப் பார்த்தார். நான் என் மெஷினுக்குக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். "நான் போய்ப் பாக்கறேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஏறினார்.

மெதுவாகத்தான் இழுத்தார். ஆனால் எண்ணெய் குளிர்ந்திருந்தால் லீவர் முதலில் கேட்காது, கேட்கும்போது வெடுக்கென்று கேட்கும். மெஷினின் மேல்பாகம் ஒரே வீச்சில் திரும்பியது. முன்னால் நீண்டிருக்கும் பூம் கை இடப்பக்கம் போனால் பின்னால் இருக்கும் இரும்புக் கட்டி வலப்பக்கம் வரும். வெயிட் என்போம், டன் கணக்கில் எடை. மூன்று பெண்கள் அலறிக்கொண்டு தாவினார்கள். யுவராணி இரண்டு கைகளையும் வலைக்கு நேராக நீட்டியபடி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாறைச்சுவர் இருந்தது.

ஈரத்துணியைக் கல்லில் அறைந்த சத்தம் கேட்டது. நான் கத்தினேன். பாய் மெஷினைத் திருப்பினார். சுவரில் ஒட்டியிருந்தவள் மடங்கிக் கீழே விழுந்தாள். நெஞ்சுக்கூடு இருந்த இடம் தட்டையாக இருந்தது. வாயிலும் மூக்கிலும் ரத்தம் கொப்பளித்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த வெயிட்டில் தலைமுடியும் சேலைக் கிழிசலும் ஒட்டியிருந்தன. கண் திறந்தே இருந்தது, ஆனால் உயிர் அதற்குள் போயிருந்தது.

பாய் கல் அள்ளும் பக்கெட்டைத் தரையில் இறக்கினார், லாக் லீவரைத் தூக்கினார், எஞ்சினை அணைத்தார். அந்த நிலையிலும் அவர் கை முறைப்படிதான் செய்தது. இறங்கி வந்து அவள் காலடியில் முட்டி போட்டார். ராஜப்பன் அவர் காதருகே குனிந்தார்.

"ஓடிர்றா. என் வண்டிய எடுத்துக்கினு ஓசூரு போய்டு. நாலு நாளு கழிச்சு வக்கீலோட வந்தா போதும்."

விபத்து என்றால் ஓட்டியவன் ஓடிவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும். பாய் தலையை ஆட்டினார்.

"நான் போய்ட்டா ஒயரு வெட்டுனது தெரியாம மெஷின மாத்திடுவீங்க. நான் போவலீங்க."

ராஜப்பன் நிமிர்ந்தார். மேலிருந்து டிரில் ராடோடு சறுக்கி இறங்கிக்கொண்டிருந்த குப்புராஜைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"குப்புராஜு, நாம மோசம் போய்ட்டோம்பா! இந்தத் துலுக்கன் தண்ணி போட்டுட்டு வண்டி எடுத்துட்டான். நீ அவன என்னா வேணும்னாலும் பண்ணிக்க. நான் எதுவும் கேக்கமாட்டேன்."

பாய் வாழ்நாளில் குடித்ததில்லை. அது குப்புராஜுக்கும் தெரியும். ஆனால் அவன் அப்போது மனைவியைப் பார்த்துவிட்டான். முதல் அடி பாயின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு அவர் கையைத் தூக்கவில்லை. முதுகு, விலா, தொடை என்று விழுந்துகொண்டே இருந்தது. டிப்பர் டிரைவர்களில் ஒருவன் உதைத்தான். யாரும் தடுக்கவில்லை.

ராஜப்பன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கட்டிங் பிளேயர எடு. ஹார்ன் ஒயரையும் அலாரத்தையும் சேத்துடு. மெஷின பத்தடி முன்னால நவுத்து. இவங்க ரெண்டு பேரும் ரத்தத்தக் கழுவிடுவாங்க."

"மொதலாளி..."

"வெட்டுனது யாரு கை? போலீஸ் கேட்டா நீதான் உள்ள போவ. சேத்துட்டா நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன். அந்த பாய் பாத்துக்கட்டும்."

ஏறினேன். இதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. கேபினுக்குள் ஒயர் பெட்டியின் மூடியைக் கழற்றி ஒயரின் ரப்பரை உரித்தேன். கீழே ராடு சதையில் விழும் ஒவ்வொரு அடியும் கேட்டது. ஒயர் இரண்டு முறை நழுவியது.

"என்னாண்ணா பண்ற?"

செயின்மேல் ஏறி நின்று கோகிலவாணி கேட்டாள். அவள் கையிலும் முகத்திலும் அண்ணியின் ரத்தம். அவள் பிளேயரைப் பார்த்தாள், தொங்கும் ஒயரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணா!" என்று குழி அதிரக் கத்தினாள். "நீ அங்க அவர அடிச்சிக்கினு இருக்க, இங்க ஹார்ன சரி பண்றாங்க! எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னு காட்டப் போறாங்க!"

குப்புராஜ் திரும்பினான். ராடு நுனியிலிருந்து ரத்தம் சொட்டியது. தரையில் கிடந்த பாய் உடைந்த உதட்டோடு பேசினார்.

"அடிக்கறதுன்னா அடி. ஆனா மெஷினத் தொட விடாத."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கீழே இறங்கினேன். பிளேயரை குப்புராஜின் முன் போட்டேன்.

"அந்த ஒயர வெட்டுனது நான். மூணு மாசத்துக்கு முன்ன மொதலாளி சொன்னாரு, வெட்டினேன். இப்ப சேக்கச் சொல்றாரு. பாய் இன்னிக்கும் சுத்திப் பாக்கறேன்னுதான் சொன்னாரு, இவருதான் வுடல. என் காதால கேட்டேன்."

ராடு என் தோள்பட்டையில் இறங்கியது. எலும்பு உள்ளே நழுவியது. மண்டியிட்டேன். இன்னொரு அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏன்டா மூணு மாசமா சொல்லல?"

"பயம்."

அவன் மூச்சு இரைத்தது. ராடைத் தாழ்த்தினான்.

"எனக்கும் தெரியும்" என்றான். "தெனமும் மேலதான நிக்கறன். ஹார்ன் சத்தம் வரலன்னு எனக்குத் தெரியும். எம்பொண்டாட்டி கீழ நின்னுச்சு, நானும் கேக்கல."

ராஜப்பன் பொறுமை இழந்தார். "டேய், கழுவுங்கடா!" என்று தன் ஆட்களை ஏவினார். ஒருவன் தண்ணீர்க் கேனோடு வெயிட்டை நோக்கிப் போனான். நால்வரில் மூத்தவரான செல்லம்மாள் குறுக்கே நின்றார்.

"கிட்ட வராத."

அவன் அவர் வயிற்றில் எட்டி உதைத்தான். அவர் கல்குவியலில் சரிந்தார். கோகிலவாணி சம்மட்டியை வீசினாள். அது அவன் முழங்காலில் பட்டது. ஊளையிட்டுக்கொண்டு உருண்டான். கேனிலிருந்த தண்ணீர் மண்ணில் கொட்டியது. இன்னொருவன் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்தான். அப்போது குப்புராஜின் ராடு அவன் முதுகில் விழுந்தது. பாயை உதைத்த அதே டிப்பர் டிரைவர் ஓடிவந்து முடியைப் பிடித்தவனை இழுத்துத் தள்ளினான். மற்ற இரண்டு டிரைவர்களும் ஜீப் வெளியே போக முடியாதபடி டிப்பர்களை வழியில் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினார்கள். மேல்தட்டிலிருந்து மற்ற டிரில்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றோம். பாயை இரண்டு பேர் தூக்கிச் செயினில் சாய்த்து உட்கார வைத்தார்கள். முறிந்த கை மடியில் கிடந்தது. குப்புராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"நூத்துக்குப் போன் பண்ணிட்டேன்" என்றாள் கோகிலவாணி.

"பண்ணு. வர்றவன் எனக்குத் தெரிஞ்சவன்தான்" என்றார் ராஜப்பன். "நாளைக்கு எவன் இங்க வேலைக்கு வர்றான்னு பாக்கறேன்."

"வருவோம். ஹார்ன் இல்லாத மெஷினுகிட்ட நிக்கமாட்டோம். சுத்திப் பாக்காம ஆப்பரேட்டரு லீவரத் தொட்டா எங்கள்ல ஒருத்திகூட கல்ல எடுக்கமாட்டோம். ஏழு மணிக்கு முன்னால குழியில எறங்கமாட்டோம்" என்றாள் கோகிலவாணி.

"பொட்டச்சிங்க சட்டம் பேசறீங்களா?"

"உங்க காகிதத்துலயே ஏழு மணின்னுதான இருக்குது? நாங்க புதுசா என்னா பேசிட்டோம்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு நடந்தார். வெளிச்சம் மெதுவாகக் குழிக்குள் இறங்கியது. யுவராணியின்மேல் யாரோ ஒரு துண்டைப் போர்த்தினார்கள். என் தோள் வீங்கிக்கொண்டே வந்தது.

போலீஸ் ஜீப் டிப்பர்களுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றபோது ஏழரை மணி. எஸ்.ஐ. இறங்கியதும் முதலில் ராஜப்பனிடம் போய்ப் பத்து நிமிடம் பேசினார். பிறகு எங்களிடம் வந்தார்.

"ஓட்டுனவன் யாரு? இவனா? குடிச்சிருந்தானாமே. ஏத்துங்க வண்டில. ஆம்புலன்ஸ் வருது, பாடிய எடுக்கணும். எல்லாரும் கலைங்க."

"சார், நான் சொல்றத எழுதிக்குங்க" என்றேன். "பேரு மாதவராஜ். இந்த மெஷினோட ஹார்ன் ஒயர வெட்டுனது நான். வெட்டச் சொன்னது அவரு. பின்னால பாக்கறேன்னு சொன்ன ஆள பாக்க வுடாம ஏத்துனதும் அவரு. ஒயரு இன்னும் அப்படியே தொங்குது, ஏறிப் பாருங்க."

எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இத எழுதினா மொத கேசு உன் மேலதான். பொண்டாட்டி புள்ள இருக்கா?"

"இருக்காங்க சார். எழுதுங்க."

சிறையை நினைத்தேன், வீட்டை நினைத்தேன். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்தக் கணத்திலும் வழி இருந்தது. குப்புராஜ் மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"மாதவராஜ் சொன்னத எழுதி, கேட்டவங்க எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குங்க சார். மெஷின இருக்கறபடியே போட்டோ எடுங்க. பாய அடிச்சது நான், அதயும் எழுதிக்குங்க. எழுதி முடிக்கற வரைக்கும் எம்பொண்டாட்டிய யாரும் தூக்கக் கூடாது."

செல்லம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கோகிலவாணி உட்கார்ந்தாள். டிரில்காரர்களும் மற்ற இரண்டு டிரைவர்களும் உட்கார்ந்தார்கள். பாயை உதைத்த டிரைவர் பாயின் தோளைத் தாங்கிப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன்.

எஸ்.ஐ. திரும்பி ராஜப்பனைப் பார்த்தார். அவர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸும் டிப்பர்களுக்கு அந்தப்பக்கம் வந்து நின்று வழி கேட்டது. டிரைவர்களில் ஒருவனும் எழுந்திருக்கவில்லை.

"பேர மறுபடி சொல்லு" என்றார் எஸ்.ஐ. நோட்டைத் திறந்தபடி.

சொன்னேன்.